உறக்கத்தில் பதியும் சுவடும் விழிப்பில் பெறும் கல்வியும்

உறக்கத்தில் புதிய செய்தி எதையும் கற்க முடியாது என்று 1950களில் எட்டப்பட்ட முடிவு தகர்ந்துவிட்டது என்பது அண்மைக்கால ஆய்வுரைகளில் ஏறக்குறைய ஐயத்துக்கு அப்பாற்பட்ட செய்தியாகவே எடுத்தாளப்படுகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் ஒலிக்கப்பட்ட சொல்லிணைகள் மூளையில் சுவடு விடுகின்றன என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டதால், பழைய மறுப்பைக் கருவிகளின் குறையால் விளைந்த பிழை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சுவடு பதிகிறது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அச்சுவடு விழிப்பில் நிகழும் கற்றலின் மெலிந்த வடிவம் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. உறக்கத்தில் கேட்ட அதே செய்தியை விழித்தபின் கற்க முனையும்போது அச்சுவடு உதவுகிறதா, தடுக்கிறதா என்ற கேள்விக்கு, உறக்கக் கற்றல் கருத்தின் மறுமலர்ச்சிக்குத் தலையாய ஆதாரமாகக் காட்டப்படும் தரவிலேயே விடை இருக்கிறது. அந்த விடை மறுமலர்ச்சிக் கருத்துக்குச் சாதகமாக இல்லை என்பதே என் வாதம்.

அந்தத் தரவோடு ஒப்பிட, 1952இல் ஃபாக்ஸ், ராபின் இருவரும் வெளியிட்ட ஆய்வு தேவைப்படுகிறது. உறங்குவோரில் ஒரு குழுவினர் சீனச் சொற்களை அவற்றின் சரியான ஆங்கிலப் பொருளோடு கேட்டனர். இன்னொரு குழுவினர் அதே சொற்களைத் தவறான பொருளோடு கேட்டனர். மூன்றாம் குழுவினர் இசையை மட்டும் கேட்டனர். விழித்தபின் அனைவரும் சரியான இணைகளைக் கற்றபோது முதற்குழு விரைந்து கற்றது, இரண்டாம் குழு பின்தங்கியது. 1955இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த சைமனும் எம்மன்ஸும், கேட்டவர்கள் உண்மையில் உறங்கினார்களா என்பது அளக்கப்படவே இல்லை என்று சுட்டிக்காட்டினர். அடுத்த ஆண்டில் அவர்களே மூளை மின்னலைப் பதிவோடு சோதனை நடத்தினர். 21 பேருக்கு, இரவு முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, 96 வினாவிடைகள் ஒலிக்கப்பட்டன. விழிப்புக்குரிய ஆல்ஃபா அலை குறையக் குறைய நினைவுகூர்தலும் குறைந்தது. அலை மறைந்த இடத்தில் நினைவும் இல்லை. இது வட்டவாதம் என்று சொல்வோர் உண்டு. அலையும் நினைவும் தனித்தனியே அளக்கப்பட்டவை. இரண்டும் பொருந்தாமல் போயிருக்கவும் கூடும் என்பதால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. மனப்பாடமாகச் சொல்வதை மட்டும் சோதித்தார்கள் என்பதும் முழு உண்மை அன்று. 1956இலேயே வந்த அவர்களுடைய இன்னோர் ஆய்வில், உறக்கத்தில் திரும்பத் திரும்ப ஒலித்த சொற்களை ஒரு நீண்ட பட்டியலிலிருந்து அடையாளம் காணவும் கேட்டனர். அதிலும் பயன் தென்படவில்லை.

அவர்கள் செய்யாத சோதனை ஒன்று உண்டு: ஊகித்து விடை சொல்லவைத்து, தெரியாமலே தெரிந்திருப்பதைத் தேடும் சோதனை. அதைத்தான் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்யூஸ்ட், ரூஃக், ஹென்கே முதலியோர் செய்து 2019இல் வெளியிட்டனர். பகலில் சிறிது நேரம் உறங்கியவர்களுக்கு, ‘டோஃபர்’, ‘கூகா’ போன்ற புனைந்த சொற்கள் பொருளுடைய சொற்களோடு இணைத்து ஒலிக்கப்பட்டன. விழித்தபின், அப்புனைசொல் குறிக்கும் பொருள் ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்குமா அடங்காதா என்று மட்டும் கேட்டார்கள். இணையின் இரண்டாம் சொல் ஆழ்தூக்கத்துக்குரிய மெதுவான மூளையலையின் (மெதுவலையின்) உச்சத்தில் விழுந்திருந்தபோது, விடைகள் தற்செயலை விஞ்சிச் சரியாக அமைந்தன. விடையளிக்கும்போது நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸும் மொழிக்குரிய பகுதிகளும் இயங்கியதை மூளைப் படமெடுப்பும் காட்டியது. இது நுட்பமான, மதிக்கத்தக்க வேலை. ஆனால் இதைச் சொற்கல்வி என்று வாசிப்பதற்கு இந்தச் சான்று இடந்தரவில்லை. எவரும் ‘கூகா’வின் பொருளைச் சொல்லவில்லை, சொல்லும்படி கேட்கப்படவும் இல்லை. கிடைத்தது, பொருளின் பருமனை ஓரளவு சரியாக ஊகிக்கும் சாய்வு. அந்தச் சாய்வு கல்வியின் தொடக்கமா, வேறொன்றா என்பதை ஊகச் சோதனையால் முடிவுசெய்ய முடியாது. மறந்துபோனதுபோல் தோன்றும் நினைவு எஞ்சியிருந்தால், மறுமுறை கற்கும்போது உழைப்பு மிச்சமாகும் என்று எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டியிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

அந்தக் கேள்வியைப் பெர்ன் ஆய்வாளர்களே அதே தரவின்மீது எழுப்பினர். ஊகச் சோதனைக்குப்பின் பங்கேற்றோர் விழிப்பு நிலையில் ஐந்து சுற்றுகளாகச் சொல்லிணைகளைக் கற்றிருந்தனர். உறக்கத்தில் ‘கூகா’வைக் கப்பலோடு கேட்டவர் விழிப்பில் அதைப் படகோடு கற்றார் என்றால் அது இணங்கும் இணை; நாணயத்தோடு கற்றார் என்றால் முரணும் இணை; முன்பு கேட்டிராத புனைசொல் ஒப்பீட்டுக்கான அடிப்படை. உறக்கத்துச் சுவடு கற்றலின் ஒரு வகையானால் இணங்கும் இணை எளிதாகவும், முரணும் இணை கடினமாகவும் அமைய வேண்டும். நடந்தது அதுவன்று. இணங்கும் இணைகளைக் கற்பது தடைப்பட்டது. முரணும் இணைகளுக்கோ எந்தக் கேடும் நேரவில்லை. 1952இன் முடிவோடு இதை அருகருகே வைத்துப் பார்த்தால் முழுத் தலைகீழ் தெரிகிறது. அங்கே சரியானது உதவியது, தவறானது தடுத்தது. இங்கே பொருளால் நெருங்கியது தடுத்தது, விலகியது தடுக்கவில்லை. இதிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம் என்று கருதுகிறேன். முதலாவது, ஃபாக்ஸ்-ராபின் ஆய்வில் செயல்பட்டது விழிப்புக் கற்றலே என்ற சைமன்-எம்மன்ஸ் ஐயத்துக்கு, மின்னலைப் பதிவைச் சாராத இன்னோர் ஆதரவு கிடைக்கிறது. இரண்டாவது, உண்மையான ஆழ்தூக்கத்தில் பதியும் சுவடு, விழிப்பில் பெறும் கல்விக்கு அடித்தளமாகும் இயல்புடையதாக இல்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஒன்று: படகும் கப்பலும் ஒன்றல்ல, நெருங்கிய பொருள்கள் ஒன்றோடொன்று குழம்பியதால்தான் தடை வந்திருக்கலாம். குழப்பமே காரணமாயின் முரணும் இணையிலும் போட்டி வெளிப்பட்டிருக்க வேண்டும். விழிப்பில் கற்ற பழைய இணை புதிய இணையைத் தடுப்பது நன்கறிந்த நிகழ்வு. அங்கே தடை இல்லாதது இவ்விளக்கத்தைப் பெரிதும் வலுவிழக்கச் செய்கிறது, முற்றிலும் விலக்கிவிடவில்லை. உறக்கத்தில் தூண்டப்பட்ட நரம்பிணைப்புகள் வழக்கம்போல் தளராமல் நிறைவுற்றுப்போனதே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் மெய்ப்பட்டால் என் வாதம் மேலும் உறுதிப்படும். ஒரே தரவின் மறுபகுப்பாய்வு என்பதால் எச்சரிக்கை தேவை. ஆனால் அதே எச்சரிக்கை சாதகமான முடிவுக்கும் பொருந்தும். 2024இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்மிடிக், ரூஃக், ஹென்கே ஆகியோர் சுவடு 36 மணி நேரத்துக்குப் பின்னும் நீடிப்பதாகக் காட்டியதைச் சிலர் முன்வைப்பார்கள். அந்த ஆய்வில் சொற்கள் பயன் தந்தது மெதுவலையின் உச்சத்திலன்று, தாழ்விலே. இந்த முரண் தீரும்வரை பொறிமுறை பற்றி உறுதியாகப் பேச இயலாது. நீடிப்பது வேறு, பயன்படுவது வேறு. உறங்கும்போது மணத்தோடு ஒலியை இணைத்துப் பழக்கப்பட்டோர் விழித்தபின் அவ்வொலிக்கு மூச்சிழுப்பை மாற்றிக்கொள்வதை ஆர்சி குழுவினர் 2012இல் கண்டனர். அது எளிய பழக்கப்படுத்தல். மொழிக் கல்விக்கு அதைச் சான்றாக்க முடியாது.

உறக்கத்தில் நினைவு வலுப்பெறுகிறது என்பதை இந்த வாதம் தொடவில்லை. மாறாக, அதன் எல்லையைத் தெளிவாக்குகிறது. ராஷ் குழுவினரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், ரோஜா மணத்தினிடையே அட்டைகளின் இடங்களைக் கற்றவர்கள் ஆழ்தூக்கத்தில் அதே மணத்தை நுகர்ந்தபோது 97 விழுக்காடும், நுகராதபோது 86 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். கற்கும்போது மணம் இல்லாதிருந்தால், உறக்கத்தில் அதைச் செலுத்தியும் பயனில்லை. அந்த ஒப்பீட்டுச் சோதனையே நான் வரையும் எல்லைக்கு மிகத் தெளிவான சான்று: உறங்கும் மூளை, விழிப்பில் பெற்றதைத் திரும்ப எடுத்து உறுதிப்படுத்துகிறது. 2015இல் ஷ்ரைனர், ராஷ் இருவரும் டச்சுச் சொற்களைக் கொண்டு காட்டியதும் முன்பே படித்த சொற்களின் வலுப்பாட்டையே. 2020இல் வந்த தொகுப்பாய்வு உறக்கத்தில் மணத்தாலோ ஒலியாலோ நினைவைத் தூண்டும் இவ்வகை முறையின் விளைவளவை 0.29 என மதிப்பிட்டது. சிறிதாயினும் உண்மையான பயன். வீட்டில் தூண்டும்போது உறக்கம் குலைந்தால் அந்தப் பயனும் போய்விடுகிறது என்பதைக் கோல்டி, ராஷ் இருவரின் 2019 ஆய்வு உணர்த்துகிறது. தேர்வுக்கு முந்தின இரவில் படிக்காத பாடத்தைக் காதருகே ஒலிக்கவிடும் மாணவருக்கு ஆய்வுலகம் நம்பிக்கை தரக் கூடாது. அந்த ஒலி பயனற்றுப்போவதோடு நில்லாமல், மறுநாள் கற்பதையே கெடுக்கவும் கூடும். என் நிலைப்பாட்டை வீழ்த்தும் சோதனை எளிதில் வரையறுக்கத்தக்கது. மின்னலைப் பதிவால் உறுதிசெய்யப்பட்ட ஆழ்தூக்கத்தில் சரியான சொல்லிணைகளைக் கேட்டவர்கள், மறுநாள் அதே இணைகளைக் கேளாதவர்களைவிடக் குறைந்த முயற்சியில் கற்றுக்காட்ட வேண்டும். அந்த முடிவு வரும்வரை 1956இன் மறுப்பு அதன் எல்லைக்குள் செல்லும் என்றே கொள்ள வேண்டும்.