ஒர்க்-அவுட்டுக்கு போன் எதுக்கு? ஒரு குட்டி எம்பி3 ப்ளேயர் போதும் மக்களே!

ஜிம்மில் ஒரு செட் முடிச்சுட்டு பெஞ்சில் உட்காருறீங்க. அடுத்த செட்டுக்கு முன்னாடி ஒன்றரை நிமிஷம் ரெஸ்ட். பாட்டு மாத்தலாம்னு போனை எடுக்கிறீங்க. மேலே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அதுக்கு ஒரு பதில். பதில் போட்ட கையோட ஒரு ரீல். நிமிர்ந்து பார்த்தா ஏழு நிமிஷம் போயிருக்கும். சூடாகியிருந்த உடம்பு ஆறியிருக்கும். பக்கத்துல ஒருத்தர், ‘பாஸ், பெஞ்ச் ஃப்ரீயா?’னு கேட்டுட்டு நிப்பார்.

இதுக்கு ‘டிஜிட்டல் டீடாக்ஸ்’ மாதிரி பெரிய தீர்வெல்லாம் வேண்டாம். தீப்பெட்டி சைஸ்ல, டி-ஷர்ட்டில் க்ளிப் மாதிரி மாட்டிக்கிற ஒரு எம்பி3 ப்ளேயர் போதும். ‘அதெல்லாம் நாங்க ஸ்கூல் படிக்கும்போதே செத்துப்போச்சே’னு சொல்றீங்களா? சாகலை. இன்னமும் விற்பனையில் இருக்கு. அதில் மெசேஜ் வராது, கால் வராது, ரீல் ஓடாது. உடற்பயிற்சிக்கு அதை வாங்கச் சொல்றதே இதெல்லாம் அதால் முடியாது என்பதால்தான்.

திரையே இல்லாத ஐபாட்

இந்த வகை ப்ளேயர்களில் பெரிய பெயர் ஐபாட் ஷஃபிள். 2005 ஜனவரியில் ஆப்பிள் அதை வெளியிட்டபோது எடை 22 கிராம். கொள்ளளவு 512 எம்பி அல்லது 1 ஜிபி. திரை கிடையாது. அடுத்து என்ன பாட்டு வரும்னு பார்க்க முடியாது. 2006-ல் வந்த இரண்டாவது மாடலில் பின்பக்கம் க்ளிப் வைத்தார்கள். காலரில், ஷார்ட்ஸ் ஓரத்தில், தொப்பியில்னு எங்க வேணா மாட்டிக்கிட்டு ஓடலாம்.

2009-ல் ஆப்பிள் ஒரு வேலை பார்த்தது. ப்ளேயரில் இருந்த பாட்டு மாத்துற பட்டன்களையும் எடுத்துவிட்டு, கன்ட்ரோலை இயர்போன் வயருக்கு மாற்றியது. பார்க்க அழகுதான். ஆனா கன்ட்ரோல் இல்லாத சாதாரண இயர்போனை மாட்டினால் பாட்டு மாத்த முடியாது. அடுத்த வருஷமே, 2010-ல், பட்டன்கள் திரும்பி வந்தன. அந்த நான்காவது மாடலின் எடை 12.5 கிராம். ரெண்டரை ஏ4 தாள் எடைனு வெச்சுக்கோங்க. இன்றைய ஸ்மார்ட்போன் பலவும் 200 கிராமைத் தொடுது. அதைக் கையில் பட்டை கட்டி மாட்டிக்கிட்டு அஞ்சு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தவங்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். 2017 ஜூலையில் ஷஃபிளை ஆப்பிள் நிறுத்திவிட்டது.

ஷஃபிள் போய்ட்டாலும் அந்தப் பட்டன் கதையை மறந்துடாதீங்க. ஓடும்போது விரல் வியர்வையில் நனைஞ்சிருக்கும். டச் ஸ்க்ரீன் அந்த விரலை மதிக்காது. தடவிப் பார்த்து அழுத்துற பட்டன் இருந்தால், கண்ணை ரோட்டில் இருந்து எடுக்காமலேயே பாட்டைத் தாண்டலாம். ப்ளேயர் வாங்கும்போது முதலில் இதைத்தான் பார்க்கணும்.

பாட்டு நிஜமாவே உதவுமா?

உதவும், ஒரு எல்லை வரைக்கும். இதைப் பற்றிய ஆராய்ச்சி நூறு வருஷத்துக்கு மேல் பழசு. 1911-ல் லியோனர்ட் அயர்ஸ் என்கிற அமெரிக்கர், நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்து எழுதினார். பேண்டு வாத்தியம் வாசிச்சுட்டு இருந்தப்போ வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு 31.5 கிலோமீட்டர். வாத்தியம் நின்றபோது 28.8. எத்தியோப்பிய ஓட்டப்பந்தய வீரர் ஹைலே கெப்ரசிலாசி, 1998-ல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, ‘ஸ்காட்மேன்’ பாட்டை அரங்கத்தில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார். அதன் தாளத்தோட அவர் கால் ஒத்துப்போகும் என்பதுதான் காரணம்.

லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தில் பல வருஷமா இதையே ஆராய்ந்தவர் காஸ்டாஸ் கராகியார்கிஸ். பெரும்பாலான பயிற்சிகளுக்கு நிமிஷத்துக்கு 120 முதல் 140 தாளத்தட்டு வரை இருக்கிற பாட்டுகள் பொருந்தும் என்பது அவர் தரப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். நடை, ஜாகிங் மாதிரி மிதமான பயிற்சியில் பாட்டு கேட்டால் களைப்பு குறைவாகத் தெரியும். ஆனா மூச்சு வாங்கி, பேசக்கூட முடியாத அளவுக்கு ஸ்பிரின்ட் அடிக்கும்போது எந்தப் பாட்டும் வலியை மறைக்காது. உடம்பு போடுற சத்தம் பாட்டை முந்திடும். அந்த நேரத்தில் வால்யூமை ஏத்திப் பிரயோஜனம் இல்லை.

ஒரு பாட்டின் வேகத்தைக் கண்டுபிடிக்க ஆப் தேவையில்லை. பாட்டைப் போட்டு, தொடையில் தாளம் தட்டுங்க. 15 விநாடியில் எத்தனை தட்டுனு எண்ணி நாலால் பெருக்குங்க. 30 தட்டு வந்தால் 120. நம்ம குத்துப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. அதன் தாளம் பெரும்பாலும் மூணு மூணா உருளும். உள்ளே உருள்ற எல்லா அடியையும் எண்ணினால் கணக்கு எங்கேயோ போய்டும். கால் தன்னால எங்கே தரையைத் தட்டுதோ அதை மட்டும் எண்ணுங்க.

சுறுசுறுப்பான நடை என்பது நிமிஷத்துக்கு 100 எட்டு அளவில் ஆரம்பிக்கும். ஓட்டத்தில் அது 150, 160-னு ஏறும். ‘160-க்குப் பாட்டுக்கு எங்க போறது?’னா, 80-ல் இருக்கிற பாட்டை எடுத்து ஒரு தட்டுக்கு ரெண்டு எட்டு வைங்க. கச்சிதமா உட்காரும்.

என்ன வாங்கலாம்?

மலிவு விலையில் ஆரம்பிக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் தெருக்களிலும் ஆன்லைனிலும், ஷஃபிளைப் பார்த்துச் செய்த திரை இல்லாத க்ளிப் ப்ளேயர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பலதில் உள்ளே மெமரியே இருக்காது. மைக்ரோ எஸ்டி கார்டு நாமதான் போடணும். ஒலித்தரம் சுமார்தான். ஆனா ட்ரெட்மில் சத்தத்துக்கு நடுவில் யாரும் ஒலித்தர ஆராய்ச்சி பண்ணப்போறதில்லை. கூடவே தர்ற இயர்போனை மட்டும் தூக்கிப் போட்டுட்டு உங்க பழைய இயர்போனை மாட்டிக்கோங்க.

கொஞ்சம் செலவு பண்ணலாம்னா சான்டிஸ்க் க்ளிப் ஜாம், க்ளிப் ஸ்போர்ட் மாதிரியானவை நல்ல சாய்ஸ். சின்னத் திரை, எஃப்எம் ரேடியோ, கார்டு போட இடம், அழுத்தமான பட்டன்கள்னு தேவையானது மட்டும் இருக்கும். எந்த ப்ளேயர் வாங்கினாலும் க்ளிப்பை ரெண்டு மூணு தடவை திறந்து மூடிப் பாருங்க. ஸ்பிரிங் தளர்ந்தால் ப்ளேயர் ரோட்டில்தான்.

பழைய ஐபாட் ஷஃபிளை செகண்ட் ஹேண்டில் வாங்குற ஆசை சிலருக்கு வரும். அழகான பொருள்தான், மறுக்கலை. ஆனா உள்ளே இருக்கிறது பல வருஷம் பழைய லித்தியம் பேட்டரி; மாத்துறது சுலபம் இல்லை. பாட்டு ஏத்த ஆப்பிளின் சாஃப்ட்வேர், சார்ஜ் ஏத்த ஹெட்போன் ஓட்டையில் செருகுற தனி கேபிள் ரெண்டும் வேணும். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரு மணி நேரமாவது பாட விட்டுப் பாருங்க.

நீச்சல்காரர்களுக்கு எம்பி3 ப்ளேயர் ஆசை இல்லை, அவசியம். ப்ளூடூத் அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிடும். கரையில் இருக்கிற போனில் இருந்து தண்ணீருக்குள்ள இருக்கிற காதுக்குப் பாட்டு வராது. அதனால்தான் சோனி என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413, ஷாக்ஸ் ஓப்பன்ஸ்விம் போன்றவை பாட்டை ஹெட்செட்டுக்குள்ளேயே சேமிக்கின்றன. ரெண்டிலும் 4 ஜிபி இடம் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கு: மெமரி கார்டு போடக்கூடிய கீபேட் போன். பாட்டும் பாடும், அவசரத்துக்கு போனும் பண்ணலாம். தனியா ஓடப்போறவங்களுக்கு, முக்கியமா இருட்டு விலகுறதுக்கு முன்னாடி கிளம்புற பெண்களுக்கு, என் ஓட்டு இதுக்குத்தான். க்ளிப் ப்ளேயரை மட்டும் எடுத்துட்டுப் போனால் யாரையும் கூப்பிட முடியாது என்பது அதன் நிஜமான குறை. அப்படிப் போறவங்க வீட்டில் எந்த ரூட், எப்போ திரும்புவேன்னு சொல்லிட்டு, பேரும் வீட்டு நம்பரும் எழுதின ஒரு சீட்டைப் பாக்கெட்டில் வெச்சுக்கோங்க. கூடவே ஒரு ஐம்பது ரூபாய் நோட்டும். ஓடி முடிச்சு இளநீர்க் கடையில் நிற்கும்போதுதான் யூபிஐ வீட்டில் இருக்குனு ஞாபகம் வரும்!

பாட்டு ஏத்துறது ஒரு தனிக் கலை

2010-களில் தெருமுனை மொபைல் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’னு போர்டு இருந்தது ஞாபகம் இருக்கா? இப்போ அந்த வேலை நம்ம தலையில். ஸ்ட்ரீமிங் ஆப்பில் ‘டவுன்லோடு’ பண்ண பாட்டைக் கார்டுக்கு மாத்த முடியாது. அது பூட்டு போட்ட ஃபைல். அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் திறக்கும். நமக்குச் சொந்தமான ஃபைல்தான் வேணும். வீட்டில் தூங்குற பழைய ஆடியோ சிடியைக் கம்ப்யூட்டரில் எம்பி3-யா மாத்தலாம். ஐட்யூன்ஸ் ஸ்டோர், பேண்ட்கேம்ப் மாதிரி இடங்களில் காசு கொடுத்து வாங்கலாம். ஐட்யூன்ஸில் வாங்கின பாட்டு ஏஏசி வகையில் வரும். மலிவு ப்ளேயர்கள் சிலது அதைப் படிக்காது. அப்போ எம்பி3-யா மாத்திக்கணும்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி. 4 ஜிபியில் நாலு நிமிஷப் பாட்டு ஆயிரம் அடங்கும். ஆனா ஆயிரம் ஏத்தாதீங்க. திரை இல்லாத ப்ளேயரில் ஆயிரம் பாட்டு என்றால், பிடிச்ச பாட்டைத் தேடி பட்டனை அழுத்தியே அந்த ஒரு மணி நேரம் போய்டும். பத்துப் பன்னிரண்டு பாட்டு, 45 நிமிஷம். அது முடிஞ்சால் ஒர்க்-அவுட்டும் முடிஞ்சதுனு அர்த்தம். வாட்ச் பார்க்கிற வேலைகூட மிச்சம்.

வரிசையும் முக்கியம். வார்ம்-அப்புக்கு மெதுவா ரெண்டு பாட்டு, அப்புறம் படிப்படியா ஏறணும், கடைசி ஸ்ட்ரெட்சிங்குக்கு ஒரு மெலடி. பல ப்ளேயர்கள் ஃபைல் பெயர் வரிசையிலோ, காப்பி பண்ண வரிசையிலோதான் பாடும். அதனால் பெயருக்கு முன்னாடி 01, 02-னு நம்பர் போட்டு, அதே வரிசையில் ஒவ்வொண்ணா காப்பி பண்ணுங்க. ஃபைல் பெயரைத் தமிழில் வெச்சால் சின்னத் திரைகளில் கட்டம் கட்டமா தெரியலாம். ஆங்கில எழுத்தில் வைக்கிறது நல்லது. கார்டை ப்ளேயர் அடையாளமே காணலைனா, கம்ப்யூட்டரில் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் பண்ணிட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

பழைய பாட்டும் புதுப் பாட்டும் கலந்து ஏத்தினால் ஒண்ணு முணுமுணுக்கும், அடுத்தது காதைக் கிழிக்கும். எம்பி3கெய்ன் என்கிற இலவச சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துடும். அஞ்சு நிமிஷ வேலைதான், சோம்பேறித்தனம் வேண்டாம். ஏன்னா, அடுத்த விஷயம் காது.

காது பத்திரம்

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆகிட்டால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறினதும் பத்தில் ஒரு பங்கு! தினமும் ஒரு மணி நேரம் ஜிம் போறவங்க அந்த நாலு மணி நேரத்தை வியாழக்கிழமையே தீர்த்துடுவாங்க. இந்த இடத்தில் போன் ஒருபடி மேல். சத்தம் அதிகமானால் போன் எச்சரிக்கும். குட்டி ப்ளேயர் வாயே திறக்காது. அதனால் அமைதியான அறையில் வால்யூமை பூஜ்யத்தில் இருந்து ஏத்தி, பாட்டு தெளிவா கேட்கிற இடம் எத்தனை அழுத்தலில் வருதுனு எண்ணி வெச்சுக்கோங்க. வெளியே போனாலும் அந்த எண்ணிக்கையைத் தாண்டாதீங்க.

ஜிம் ஸ்பீக்கர் அலறும்போது தாண்டத் தோணும். அங்கே காதை நல்லா அடைக்கிற ரப்பர் முனை இயர்போன் போடுங்க. வெளிச்சத்தம் குறைஞ்சால் வால்யூம் ஏத்துற அவசியம் வராது. அதே இயர்போனை ரோட்டில் போடவே கூடாது. பின்னாடி வர்ற பஸ் ஹாரன், தெருநாய் உறுமல், ‘தம்பி, ஓரமா போ’னு ஒரு குரல் எல்லாம் காதில் விழணும். ரோட்டுக்கு ஒரு காதில் மட்டும் மாட்டுங்க. ரெயில்வே கேட், தண்டவாளம் பக்கம் வந்தால் ரெண்டையும் கழட்டிடுங்க. மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தால் விதிமுறையையும் படிச்சுடுங்க. அமெரிக்கத் தடகள அமைப்பு 2007-ல் ஹெட்போனுக்கே தடை போட்டு, மறு வருஷம் அதைத் தளர்த்தியது. பரிசுக்காக ஓடுறவங்களுக்கு மட்டும் விலக்கு தரலை.

வயர் தொல்லைக்கு ஒரு சின்ன வித்தை. வயரை டி-ஷர்ட்டுக்குள்ள விட்டு, காதுக்குப் பின்பக்கமா சுற்றிக் கொண்டுவந்து மாட்டுங்க. கையில் சிக்காது, வயர் உடம்பில் உரசுற ‘டக் டக்’ சத்தமும் காதுக்கு வராது.

முடிச்சதும் ப்ளேயரையும் இயர்போன் பின்னையும் காய்ந்த துணியால் துடைச்சுடுங்க. வியர்வையில் இருக்கிற உப்புதான் இதுக்கு எமன். ஈரம் காயாம சார்ஜ் போடாதீங்க. மழைக்காலத்தில் ஒரு சின்ன ஜிப் கவருக்குள்ள போட்டு மாட்டினாலே போதும், பட்டன் கவருக்கு மேலேயே வேலை செய்யும்.