பாரம் குறைந்த உலர் மின்னழுத்தி: வாங்குமுன் அறிந்திருக்க வேண்டியவை

1990 இல் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனபின், பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைச் சிரட்டைக்கரி போட்ட அயன் பெட்டியால்தான் மினுக்கினோம். அந்தப் பெட்டியைத் தூக்கவே கை உளையும். அதனால் பாரம் இருந்தால்தான் சுருக்கம் போகும் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. உண்மையில் துணியின் சுருக்கத்தைப் போக்குவது வெப்பமும் சிறிது ஈரமுமே. பாரம் துணைக்குத்தான்.

உலர் மின்னழுத்தி என்பது நீராவி இல்லாத சாதாரண அயன். பாரம் குறைந்த வகைகள் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். பழைய கனத்த வகைகள் இரண்டு கிலோவரை வரும். போரில் கையோ தோளோ காயப்பட்டவர்கள், உடலில் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள், முதியவர்கள், வீட்டில் உடுப்பு மினுக்கிக் கொடுத்து உழைக்கும் பெண்கள் ஆகியோருக்கு இந்த ஒரு கிலோ வித்தியாசம் பெரிது.

வெப்பம்

உள்ளே இருக்கும் ஈருலோகச் சட்டம் சூடேறியதும் வளைந்து மின்னைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் இணைக்கும். விளக்கு அணைந்து எரிவது இதனால்தான், அது பழுதல்ல. உடுப்பின் சிட்டையில் ஒரு புள்ளி இருந்தால் 110, இரண்டு இருந்தால் 150, மூன்று இருந்தால் 200 பாகை செல்சியஸ்வரை அந்தத் துணி தாங்கும். குறைந்த சூட்டில் மினுக்க வேண்டியவற்றை முதலிலும் பருத்தியைக் கடைசியிலும் மினுக்குங்கள்.

மெல்லிய அடித்தட்டு விரைவில் சூடாகும், விரைவில் ஆறும். எனவே தடித்த காற்சட்டைக்கு இது சற்று மெதுவாகவே வேலை செய்யும். துணியில் நீர் தெளித்துச் சுருட்டிச் சிறிது நேரம் வைத்தபின் மினுக்கினால் சுருக்கம் இலகுவாகப் போகும்.

ஏன் உலர் வகை?

குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். கிணற்று நீர் வன்னீர். அதை நீராவி அயனில் ஊற்றினால் துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். உலர் வகையில் அடைபட எதுவும் இல்லை. விலையும் பொதுவாகக் குறைவு.

மின்செலவு

1000 வாற்று அயன் ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு அலகு செலவாகும். இடையிடையே அணைவதால் உண்மைச் செலவு அதிலும் குறைவு. பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடும் கட்டணமுறை நம்முடையது. ஆகவே தினம் ஒரு சட்டைக்காகச் சூடாக்காமல், கிழமைக்கு ஒருமுறை சேர்த்து மினுக்குவது சிக்கனம். வோல்ற்றளவு 230 இலிருந்து 200 ஆகக் குறைந்தால் வெப்பம் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடும். மாலையில் அயன் மந்தமாகச் சூடேறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பாதுகாப்பு

கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது இதுதான். அயனின் அடித்தட்டு உலோகம். உள்ளே ஒரு வயர் தேய்ந்து தட்டில் பட்டால், பிடித்திருப்பவருக்கு மின் தாக்கும். அதைத் தடுப்பவை பச்சை-மஞ்சள் நிற எர்த் வயரும் வேலை செய்யும் ட்ரிப் சுவிட்சும். மீள்குடியேறிய வீட்டில் வயரிங் அரைகுறையாக இருந்தால், அயன் வாங்குமுன் தகுதியான மின்னியலாளரைக் கொண்டு எர்த்தைச் சோதியுங்கள். மூன்று முள் செருகியை வெட்டி இரண்டு முள் செருகி பூட்டாதீர்கள். சுருட்டிய நீட்டிப்பு வயரில் அயனைப் பாவிக்க வேண்டாம், வயர் சூடாகி உருகும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் கையில் தூக்கிப் பாருங்கள். நிமிர்த்தி வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். ஒரு கையால் மட்டும் வேலை செய்பவருக்கு இது மிக முக்கியம். வயர் எந்தப் பக்கமும் சுழன்று கொடுத்தால் இடக்கைக்காரருக்கும் வசதி. பிடிக்குள் விரல்கள் தாராளமாகப் போக வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள தட்டு இலகுவாக வழுக்கும், ஆனால் சிப்பும் உலோகப் பொத்தானும் அதைக் கீறிவிடும். உத்தரவாதச் சிட்டையில் கடை முத்திரை வாங்க மறவாதீர்கள்.