திமிங்கில எலும்பும் தென்னை ஈர்க்கும்

பாகூர் ஏரிக்கரை ஊர்களிலும் வில்லியனூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தென்னங்கீற்றைச் சீவி ஈர்க்கு எடுக்கும் காட்சியைக் காணாதவர் இரார். தனி ஈர்க்கு ஒன்றைத் தரையில் ஊன்றி அழுத்தினால் துவண்டுவிடும். நூறு ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் அதுவே முற்றம் பெருக்கும் விளக்குமாறு. பெருக்கும்போது ஒவ்வோர் ஈர்க்கும் வளைகிறது, ஆனால் ஒடிவதில்லை. கையை எடுத்ததும் நிமிர்ந்துவிடுகிறது. இந்த எளிய உண்மைக்கும் ஐரோப்பிய மகளிரின் உடை வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? அந்த வரலாற்றில் திமிங்கிலங்களின் அழிவும் கலந்திருக்கிறது.

எலும்பல்லாத எலும்பு

மார்பிலிருந்து இடுப்பு வரை உடலை இறுக்கிப் பிடிக்கும் கச்சுக்குக் கார்செட் என்று பெயர். வெறும் துணியில் தைத்துக் கயிற்றால் இறுக்கினால் அது சுருங்கி மடிந்துவிடும். ஆகவே துணியில் நெடுகச் சிறு சிறு குழல்கள் போலத் தைத்து, அவற்றுள் விறைப்பான பட்டைகளைச் செருகினார்கள். அந்தப் பட்டைக்கு நான்கு குணங்கள் வேண்டும். லேசாக இருக்க வேண்டும். உடலோடு வளைய வேண்டும். வளைந்தபின் நிமிர வேண்டும். ஒடிந்து உடலில் குத்தக் கூடாது.

இந்த நான்கும் அமைந்த பொருளாக ஐரோப்பியர் கண்டது 'திமிங்கில எலும்பு'. பெயர்தான் எலும்பு, உண்மையில் அது எலும்பே அன்று. பல் இல்லாத திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து சீப்புப் போல வரிசையாகத் தொங்கும் தகடு அது. கடல்நீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்ண உதவுவது. இதனைப் பலீன் என்பர். நம் நகமும் முடியும் எந்தப் புரதத்தால் ஆனவையோ, அதே கெராட்டினால் ஆனது இதுவும். நெடுக்குவாட்டில் எளிதாகப் பிளக்கும். வெந்நீரில் மென்மையாகி, வளைத்த வடிவிலேயே ஆறி இறுகும். 1603-இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலத்துக்கென ஓர் உருவப்பொம்மை செய்தார்கள். அதற்கு அணிவித்த கச்சிலும் பலீன் பட்டைகளே இருந்தன.

ஏழையின் கச்சு

ஆனால் பலீன் எல்லார்க்கும் எட்டும் பொருளாக இல்லை. உழைக்கும் பெண்களின் கச்சுகளில் நாணலும் உலர்ந்த புல்தண்டும் கட்டுக் கட்டாக நுழைந்தன. சிலவற்றில் முறுக்கிய சணற்கயிற்றை நெருக்கமாக வைத்துத் தைத்தார்கள். சிலர் தடித்த தோலாலேயே கச்சு செய்துகொண்டனர். ஆசியக் காடுகளின் பிரம்பும் அங்கே பயன்பட்டது. கீழ்த்திசைக்கு வந்து திரும்பிய கப்பல்களில் சரக்கு உருளாமலிருக்க இடைவெளிகளில் பிரம்பை அடைத்து அனுப்புவது வழக்கம். பிரம்பும் தென்னையும் பனையும் ஒரே தாவரக் குடும்பம். மூன்றிலும் மென்மையான சதையினூடே உறுதியான நார்க்கற்றைகள் நெடுகிலும் ஓடுகின்றன.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு பட்டையின் தடிமனை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது; உட்பக்கம் நசுங்குகிறது. தடித்த பட்டையில் இந்த இழுவை மிகுந்து, அது விரைவில் ஒடிகிறது. அதே தடிமனுக்கு மெல்லிய இழைகள் பலவற்றை ஒட்டாமல் அடுக்கினால், ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டு எல்லாம் வளையும். விறைப்பு வெகுவாகக் குறையும். ஒடியும் அச்சம் நீங்கும். நாணல் கட்டு கண்ட வெற்றிக்கும் விளக்குமாறு கண்ட வெற்றிக்கும் காரணம் ஒன்றே.

குப்பையில் கிடைத்த விடை

1859-இல் அமெரிக்காவில் மண்ணெண்ணெய்த் தொழிலுக்கு வழி திறந்தது. விளக்குக்குத் திமிங்கில எண்ணெய் தேவைப்படாத காலம் வந்தது. திமிங்கிலம் பிழைத்ததா? இல்லை. வேட்டையினால் திமிங்கிலங்கள் அருகிப்போக, பலீன் விலை ஏறிக்கொண்டே போயிற்று. வடதுருவக் கடலில் பலீனை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மலை போன்ற உடலை அப்படியே கடலில் விட்டுச் சென்ற கப்பல்களும் உண்டு. ஒரு கச்சின் விறைப்புக்காக ஓர் உயிர்!

இந்த விலையேற்றமே மாற்றுப் பொருள் தேடத் தூண்டியது. எஃகுப் பட்டை மலிவாகக் கிடைத்தது. ஆனால் வியர்வை பட்டால் துருப்பிடித்துத் துணியைக் கறைப்படுத்தும். மருத்துவர்களான வார்னர் சகோதரர்கள் 1880-களில் மெக்ஸிகோ நாட்டுக் கற்றாழை இன நாரைக் கட்டி, நூல் சுற்றி, 'கோரலைன்' என்ற பெயரில் கச்சுகளில் பயன்படுத்தினர். நம்மூர் வேலியோரத்து ஆனைக்கற்றாழைக்கு அது உறவு. மிச்சிகன் மாநிலக் கடைக்காரர் எட்வர்டு வாரன், சிக்காகோவில் இறகுத் துடைப்பம் செய்யும் தொழிற்சாலையில் வான்கோழி இறகின் தடித்த தண்டுகள் குப்பையாகக் குவிந்து கிடப்பதைக் கண்டார். அவற்றைப் பிளந்து, சேர்த்து, நூலால் இறுகச் சுற்றி 'இறகெலும்பு' செய்தார். 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கற்றாழை நாரானாலும் இறகுத் தண்டானாலும் முறை ஒன்றுதான்: மெல்லிய இழைகள் பல, அவற்றின்மேல் ஒரு நூற்சுற்று.

மாற்றுப் பொருள்கள் பரவின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடைப் பாணியும் மாறியது. மூச்சை இறுக்கி உடலை வருத்திய கார்செட் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. பலீன் வாணிகம் சரிந்தது. 1931-இல் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கை, மிகுதியாக வேட்டையாடப்பட்ட பலீன் திமிங்கிலங்கள் சிலவற்றுக்குப் பாதுகாப்பளித்தது. ஆயினும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக் கடலில், பலீனுக்குப் பேர்போன திமிங்கிலங்கள் இன்றும் மிகக் குறைவே. இழந்ததை இயற்கை அவ்வளவு விரைவில் திருப்பித் தருவதில்லை.

நீங்களே சோதிக்கலாம்

இன்று நாடக உடைக்காகவும் விருப்பத்துக்காகவும் கையால் கார்செட் தைப்போர், மின்கம்பிகளைக் கட்டும் நைலான் பட்டைகளை வாங்கி நறுக்கிச் செருகுகிறார்கள். விலை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் உடற்சூட்டில் நெடுநேரம் வளைந்திருந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும்.

ஈர்க்கு எப்படி? சோதித்துப் பாருங்கள். ஈர்க்கின் அடி தடிப்பு, நுனி மெலிவு. ஆகவே அடியும் நுனியும் மாறி மாறி வருமாறு ஐந்தாறு ஈர்க்குகளை அடுக்கி, நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். முனைகளில் துணி சுற்றுங்கள், இல்லையேல் குத்தும். ஏறத்தாழ அதே தடிமனில் ஒரு மூங்கில் சிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மேசை விளிம்பில் ஒரே நீளம் நீட்டி அழுத்திப் பிடித்து, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிடுங்கள். எது அதிகம் தாழ்கிறது? எடையை எடுத்தபின் எது முழுதும் நிமிர்கிறது? இரண்டையும் ஒருநாள் நீரில் ஊறவைத்து மறுபடி பாருங்கள். ஈரத்தில் தளர்வதே தாவர நார்களின் குறை என்பது அப்போது விளங்கும்.

முறிந்த கைக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய நாட்டு வைத்தியரும், பொய்க்கால் குதிரைக்கு மூங்கில் கூடு பின்னிய கலைஞரும் இந்தக் குணங்களைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள். எந்தப் பொருள் உயர்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த வேலைக்கு என்ன குணம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கச்சு தைத்தோர் முந்நூறு ஆண்டு முன்னமே கேட்டிருந்தால், எத்தனையோ திமிங்கிலங்கள் பிழைத்திருக்கும்.