துயிலெழா மடிக்கணினிகள் - ஒரு சிறு வரலாறு

மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் உறங்கும், திறந்தால் விழிக்கும். இத்துணை எளிதாகத் தோன்றும் இச்செயல் முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்களின் உறக்கத்தைக் கெடுத்து வந்திருக்கிறது. விசிறி சுழன்றுகொண்டிருக்கத் திரை மட்டும் கறுத்தே கிடக்க, சேமிக்காத பக்கங்களோடு கணினி மாண்டுபோன துயரம் ஆய்வேடு எழுதும் நம் மாணாக்கர் பலருக்கும் உண்டு. அச்சாவின் காரணத்தை வரலாற்றில் தேடிப் பார்ப்போமா?

கணினிக்கு உறக்கம் இருவகை. ஒன்றில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் சென்றுகொண்டிருக்கும்; செயலி, திரை அட்டை, வட்டு ஆகிய ஏனையவெல்லாம் அணைந்துவிடும். மற்றொன்றில் நினைவகத்தில் உள்ளதனைத்தையும் வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினி முற்றிலும் அணையும். பின்னதன் ஆங்கிலப் பெயர் 'குளிர்காலத்துக்குரிய' என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பாற்கடலில் பள்ளிகொண்டவனின் துயிலை அறிதுயில் என்பது நம் மரபு. நினைவு மட்டும் விழித்திருக்கும் முதல்வகைக்கு அப்பெயர் பாதியேனும் பொருந்தும். ஆகவே அதனை அறிதுயில் என்றும் மற்றதை நெடுந்துயில் என்றும் இங்கு வழங்குவோம்.

1992இல் இண்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் ஏபிஎம் என்னும் மின்மேலாண்மை ஏற்பாட்டை வெளியிட்டன. அதில் உறக்கத்தின் பொறுப்பு பெரும்பாலும் பயாஸிடமே இருந்தது. இயங்குதளம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பயாஸ் முழுதாக அறியாது. 1996 டிசம்பரில் இண்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் கூடி ஏசிபிஐ என்னும் புதிய ஏற்பாட்டைக் கொணர்ந்தன. அதிகாரம் இயங்குதளத்தின் கைக்கு மாறியது. கணினியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, அவற்றை எவ்வாறு உறக்குவது, எழுப்புவது என்பனவற்றைத் தயாரிப்பாளர் ஓர் அட்டவணையாக எழுதி உள்ளே வைத்துவிடுவார். இயங்குதளம் அதனைப் படித்து நடக்கும். அறிதுயிலுக்கு எஸ்3 என்றும் நெடுந்துயிலுக்கு எஸ்4 என்றும் பெயரிட்டனர்.

இடர் தொடங்கியது இங்கேதான். கணினியைப் புதிதாக இயக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் பயாஸ் தொட்டு எழுப்புகிறது. அறிதுயிலிலிருந்து மீளும்போதோ அது சிறிதளவே செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வோர் உறுப்பின் பழைய நிலையையும் அதனதன் இயக்கி நிரலே மீட்டாக வேண்டும். ஒன்று மறந்தாலும் மற்றவை அதற்காகக் காத்துக் கிடக்கும். திரை அட்டையே எழாவிடில், பிழை இன்னதென்று சொல்லவும் வழியில்லை!

லினக்ஸ் ஆர்வலர்கள் இதனால் பட்ட பாடு பெரிது. அட்டவணையைத் தொகுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் நிரல் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இண்டெல்லின் நிரலோ கண்டிப்பானது. தயாரிப்பாளர் பலர் விண்டோஸில் ஓடினால் போதும் என்று விட்டுவிட்டனர். 1999 சனவரியில் எழுதிய மின்னஞ்சல் ஒன்றில், ஏசிபிஐ நீட்சிகளை விண்டோஸுக்கே உரியனவாக்கலாகாதா என்று பில் கேட்ஸ் வினவியிருந்தார்; பின்னாளில் அயோவா மாநில வழக்கொன்றில் அது சான்றாவணமாக வெளிப்பட்டது. இதனையே முழுக்காரணமாகக் காட்டுவோர் உளர். நமக்கு அது மிகையாகப் படுகிறது; சதியைவிடச் சோம்பலே இங்கு மிகுதி. எவ்வாறாயினும், 'நீ எந்த இயங்குதளம்?' என்று அட்டவணை வினவினால் 'விண்டோஸ்' என்றே விடையிறுக்க லினக்ஸ் பழகிக்கொண்டது. மாறுவேடம் பூண்டு கோட்டைக்குள் நுழையும் கதைதான்.

2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் அரிய உபாயத்தைச் செய்தார். திரையில்லை, வட்டு எழவில்லை. செயற்பாடு எந்த இடத்தில் நின்றது என்பதை எங்கே எழுதி வைப்பது? மறுதொடக்கத்திலும் அழியாதது ஒன்று உண்டு: பலகையில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம். விழித்தெழும் ஒவ்வொரு படியிலும் அப்படிக்குரிய எண்ணை நாள், நேரமாக மாற்றிக் கடிகாரத்தில் எழுதிவிடச் செய்தார். 100 ஆண்டுகள், 12 மாதங்கள், 28 நாட்கள், 24 மணிகள், மும்மூன்று நிமிடமாக 20 கூறுகள். பெருக்கினால் 1,61,28,000 குறிகள் கிடைக்கின்றன. கணினி செத்தால் மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் இயக்க வேண்டும். இல்லையேல் கடிகாரம் ஓடிக் குறி மாறிவிடும். இறப்பவன் தன் கொலையாளியின் பெயரைச் சுவரில் கீறிவிட்டுச் சாவது போன்றது இது.

2012இல் விண்டோஸ் 8உடன் வேறொரு பாதை திறந்தது. கைப்பேசியைப் போல் வலைத்தொடர்பை விடாமல் அரைத்துயிலில் கிடத்தும் முறை; 2015இல் விண்டோஸ் 10 அதனை விரிவாக்கியது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 இல்லவே இல்லை. பைக்குள் வைத்த கணினி வெந்து கிடக்கிறது என்னும் இக்காலப் புலம்பலின் வேர்களுள் இதுவும் ஒன்று.

இடர்ப்படுவோர் செய்யத்தக்கது: அறிதுயில், நெடுந்துயில் இரண்டையும் தனித்தனியே சோதிக்க. முன்னதில் மட்டும் சாகுமாயின், பயாஸையும் திரை அட்டையின் இயக்கியையும் முதலில் ஐயுறுக. விண்டோஸின் நீலத்திரையில் 9எஃப் என்னும் எண் தோன்றினால், மின்நிலை மாற்றத்தில் ஏதோ ஓர் இயக்கி தடுக்கி நின்றது என்று கொள்க. லினக்ஸாயின், உறங்கும் செயலைப் படிப்படியாக நிறுத்திப் பார்க்கும் சோதனை வசதி கருவினுள்ளேயே உண்டு. டோர்வால்ட்ஸின் உபாயமும் இருக்கிறது. அதனைக் கையாண்டபின் கணினி வேறேதோ நூற்றாண்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். நாள்காட்டியைத் திருத்திவிட வேண்டும்.