பண்டிதரும் பண்டுவமும்

தேர்தல் காலங்களில் நாளிதழ்களைப் புரட்டினால் 'அரசியல் பண்டிதர்கள்' என்னும் தொடர் அடிக்கடி நம் கண்ணில் படும். நடந்ததற்கு விளக்கமும் நடக்கப்போவதற்குக் கணிப்பும் சொல்லும் வல்லுநர்களை அது சுட்டுகிறது. இதே சொல் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையில் வேறொரு வாழ்வும் வாழ்ந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பண்டிதர் என்பது கல்வியில் தேர்ந்தவரைக் குறிக்கும் வடசொல். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1772ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, இந்து தருமநூல்களின் பொருளை ஆங்கிலேய நீதிபதிகளுக்கு எடுத்துரைக்கப் பண்டிதர்கள் அமர்த்தப்பெற்றனர். 1864இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. பதவி போயினும் சொல் ஆங்கிலத்தில் நிலைத்து, கருத்துரைக்கும் வல்லுநர் எவரையும் குறிக்கலாயிற்று. தமிழகத்திலோ பள்ளித் தமிழாசிரியர் நெடுங்காலம் 'தமிழ்ப் பண்டிதர்' என்றே அழைக்கப்பெற்றார்.

ஆனால் சிற்றூர் மக்கள் இச்சொல்லை ஏட்டோடு நிறுத்திவிடவில்லை. நோய் தீர்க்கும் நாட்டு மருத்துவரும் அவர்களுக்குப் பண்டிதரே. தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் இதற்கு நல்ல சான்று. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைப் பெருநூலை வெளியிட்ட அவர், சித்த மருத்துவத்தாலும் புகழ் பெற்றவர். முடி திருத்துபவரையும் ஊரார் பண்டிதர் என்றனர். கத்தி பிடித்த அக்கையே கட்டியைக் கீறியது, புண்ணுக்கு மருந்திட்டது. அவர் வீட்டுப் பெண்களே ஊருக்குப் பேறு பார்த்தனர். மருத்துவம் பார்ப்பதைக் கரிசல் மக்கள் 'பண்டுவம் பார்த்தல்' என்பர். பண்டிதரும் பண்டுவமும் அவர்கள் வாழ்வில் அருகருகே நின்ற சொற்கள்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. பண்டிதர் என்று வாயால் உயர்த்திய ஊரே, அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. பிள்ளை பிறக்கையில் வேண்டியிருந்த கை, பந்தியில் மட்டும் ஆகாததாயிற்று. அறுவடைக் களத்தில் ஊரார் அளந்த தானியமே அவருக்கு ஆண்டுக் கூலி. கிறிஸ்தவர்களாகிய நாமும் இக்குறையினின்று முற்றும் விலகி நின்றோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா?

கோவில்பட்டிக்கு அருகேயுள்ள காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றிய வீரமாமுனிவரை இங்கு நினைவுகூர்வது தகும். 1732இல் சதுரகராதி தந்த அப்பெரும்புலவர், செந்தமிழோடு நின்றுவிடாமல் மக்கள் பேசிய கொடுந்தமிழுக்கும் இலக்கணம் வகுத்தார். அறிவின்றிக் குருவாய் அமர்ந்தோரைப் பரமார்த்த குருவின் கதையில் எள்ளி நகைத்தார். அவருக்குப் பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழித்து, கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார அகராதியாக்கினார். பள்ளிப் படிப்பையே நிறைவு செய்யாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்திப் பெருமை செய்தது. மக்களின் வாய்மொழிக்குச் செவிசாய்த்த இவ்விருவரையும் பண்டிதர் என்பதில் பிழையில்லை.

திருச்சபையின் மொழியிலும் இதற்கு இணையான ஒரு சொல் உண்டு. புனித அகுஸ்தினார், புனித தெரேசா போன்றோரை 'மறைவல்லுநர்' என்கிறோம். அதற்கு இலத்தீனில் வழங்கும் சொல் 'டாக்டர்'; கற்பிப்பவர் என்பது அதன் பொருள். அச்சொல்லும் காலப்போக்கில் மருத்துவரின் பெயராயிற்று. கற்றவர் பெயர் காயம் ஆற்றுபவருக்கு வந்து சேர்வது இரு நாகரிகங்களிலும் நிகழ்ந்திருக்கிறது.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் திருச்சட்ட அறிஞர் ஒருவர் ஆண்டவரிடம் வருகிறார். சட்டத்தின் வாசகம் அவருக்கு மனப்பாடம். எனக்கு அயலார் யார் என்று சொல்லுக்கு விளக்கம் கேட்கிறார். இயேசு அவருக்கு இலக்கணம் கூறவில்லை. வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டிய சமாரியனைக் காட்டுகிறார். கரிசல் வழக்கில் சொன்னால், அவன் பண்டுவம் பார்த்தவன். யூதர்களோ அவனைத் தீண்டத் தயங்கிய இனத்தான். விளக்கம் கேட்டு வந்த பண்டிதரிடம், நீரும் போய் அவ்வாறே செய்யும் என்பதே ஆண்டவரின் கட்டளை.

இன்று நம் பங்குகளில் மறைக்கல்வி கற்றோர் பெருகியுள்ளனர்; விவிலிய வகுப்புகளும் விளக்கவுரைகளும் நிறைய உண்டு. நன்றே. ஆயினும் நம் தெருவில் நோயுற்றுக் கிடப்பவர் யார், விழாப் பந்தியில் இன்னும் தள்ளி அமர்த்தப்படுபவர் யார் என்பதை அறியாதவரை நம் விளக்கங்கள் முழுமை பெறா. கரிசல் மக்கள் புண்ணுக்கு மருந்திட்டவருக்கும் பண்டிதர் என்று பெயரிட்டனர். அப்பெயருக்குரிய இடத்தை அவருக்குத் தரும் கடமை நம்முடையது.