பயண நாளை வாசித்தல்: நீலகிரிக்கு வந்த மலையகத் தமிழரும் 1964 உடன்படிக்கையின் ஏழாம் பிரிவும்

நீலகிரியில் வாழும் இலங்கை மலையகத் தமிழரைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு பிரிப்பு நிலைத்துவிட்டது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி கப்பலேறி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். 1983 ஜூலைக்குப் பின் படகேறி வந்தவர்கள் அகதிகள். முன்னவரின் வரலாற்றை மறுவாழ்வுத் திட்டம் ஒன்றின் வெற்றி தோல்விக் கணக்காகவும், பின்னவரின் வரலாற்றைப் போரின் வரலாறாகவும் எழுதுவதே வழக்கம். இந்தப் பிரிப்பு அரசுக் கோப்புகளுக்கு வசதியானது. அங்கிருந்தே அது ஆய்வுக்குள்ளும் நுழைந்தது. தோட்டங்கள் தாக்கப்பட்ட 1977 ஆகஸ்டுக்கும், தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றுபோன 1984-க்கும் இடையில் வந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்கள் உடன்படிக்கையின் தாள்களைக் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் கிளம்பிய விதத்தில் அவர்கள் வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள்.

இந்த வாதத்துக்கு நீலகிரியில் கூடலூரையோ கோத்தகிரியையோ விட்டு உதகைக்கு அருகிலுள்ள லவ்டேலை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. தாயகம் திரும்பியோருக்கு வேலை தர அரசு தொடங்கிய திட்டமான டான்டீயின் தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இருப்பவை. முந்தைய ஆய்வுகள் அந்தத் தோட்டங்களின் லயன் எனப்படும் வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டன. லவ்டேல் இரயில் நிலையத்துக்குக் கீழே கேத்திப் பள்ளத்தாக்கிலும் கேத்தி பாலாடாவிலும் கூலி வேலை செய்யும் சிலோன் குடும்பங்கள் பல அந்தத் திட்டத்துக்குள் வரவே இல்லை. மண்டபத்தில் இறங்கி, வியாபாரக் கடன் என்று குறித்த குடும்ப அட்டையோடு சமவெளி மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டு, தெரியாத ஊரில் தெரியாத தொழிலில் அந்தக் கடனும் கரைந்த பிறகு, குளிரும் மலைச்சரிவும் பழகியவர்கள் என்பதால் மேலே ஏறி வந்தவர்கள் அவர்கள். இன்றும் அங்கே நள்ளிரவு தாண்டியதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கப் போகிறார்கள். விடியுமுன் மூட்டைகள் கழுவும் இயந்திரத்துக்குப் போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. கூலிக்கணக்கை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு இவர்கள் தோற்றுப்போன சிறுவியாபாரிகளாகவே தெரிவார்கள்.

இவர்களை எப்படி வகைப்படுத்துவது என்ற சர்ச்சைக்கு மூலம் உடன்படிக்கையின் வாசகமேதான். இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர், அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பின்னொரு பேச்சுக்கு என்ற எண்களே எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டதும் அறிந்ததே. எண்களில் கண் பதிந்துவிட்டதால் ஐந்தாம், ஏழாம், எட்டாம் பிரிவுகளை ஒருசேர வைத்து வாசிப்பவர் குறைவு.

ஐந்தாம் பிரிவு, அனுப்புவது 15 ஆண்டுகளில் இயன்றவரை சீராகப் பகிரப்பட்ட ஒரு நிரலின்படி நடக்கும் என்கிறது. ஏழாம் பிரிவு, இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் தங்கள் முறை வரும்வரை இலங்கையில் தங்குவதற்கு வழக்கமான வசதிகளையும் கட்டணமில்லாத விசாவையும் உறுதி செய்கிறது. அதைவிட முக்கியமாக, உடன்படிக்கை நாளன்று வேலையில் இருந்தவர் நிரல்படி அனுப்பப்படும் நாள் வரையிலோ 55 வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை வேலையில் தொடரலாம் என்கிறது. எட்டாம் பிரிவு சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட உடைமைகளைக் கொண்டுபோக அனுமதிக்கிறது. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் ஒப்புக்கொள்கிறது.

மூன்றையும் சேர்த்து வாசித்தால், உடன்படிக்கை தனக்குள்ளேயே ஒரு முறையான புறப்பாட்டை வரையறுத்து வைத்திருப்பது தெரிகிறது. ஒருவர் தன் முறை வந்து, வேலையிலிருந்து விடுபட்டு, சேமித்ததை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இந்த மூன்றில் எதுவுமே இல்லாமல் கிளம்பியவர் எந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தாலும் உடன்படிக்கையின் பொருளில் கிளம்பியவர் ஆகமாட்டார். முறையை மீறி அவரைத் துரத்தியது எது என்று கேட்டாகவேண்டும். 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் அது மறுபடி நடந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தொடங்கிய தீ நுவரெலியா, பதுளை வரை ஏறியது. லயன் எரிந்து, பாத்திரம் பண்டம் பறிபோய், தோட்ட ஆபீசில் கணக்கு முடிக்காமல் ஓடியவருக்கு ஏழாம் பிரிவும் எட்டாம் பிரிவும் அந்த இரவோடு செத்துப்போயின.

கால எல்லையையும் கவனிக்கவேண்டும். நடைமுறைப்படுத்துவதற்கான காலம் 1981 அக்டோபரில் முடிந்தது. 1982-ல் இந்திய அரசும் 1964, 1974 உடன்படிக்கைகள் இனித் தன்னைக் கட்டுப்படுத்தா என்ற நிலைக்கு வந்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றவர்களைக் கப்பல் தொடர்ந்து ஏற்றி வந்தது உண்மைதான். ஆனால் 1983-ன் பிற்பகுதியில் அதில் ஏறி வந்தவரைப் பார்த்து, சீரான நிரலின்படி வந்தவர் என்று எப்படிச் சொல்வது? நிரலே காலாவதியாகிவிட்டது.

இதற்கு எதிரான வலுவான வாதம் விண்ணப்ப நாளைப் பற்றியது. இந்தியக் குடியுரிமைக்கான விண்ணப்பங்கள் 1970-லேயே முடிந்துவிட்டன; எனவே போவதென்ற முடிவு வன்முறைக்கு முந்தியது; 1977 அதைச் சற்று வேகப்படுத்தியது, அவ்வளவே என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகப் படும். ஆனால் அந்த விண்ணப்பம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது? 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றவர்களாக்கிய மக்கள் ஏதாவது ஒரு நாட்டின் தாளையாவது பெற்றாகவேண்டியிருந்தது. இலங்கைக் குடியுரிமைக்கு மனுப்போட்டவர்கள் அதற்கான ஒதுக்கீட்டைப்போல் இருமடங்குக்கும் மேல். இந்தியாவுக்கு மனுப்போட்டவர்கள் ஒதுக்கீட்டைக்கூட நிரப்பவில்லை. 1971-ன் சட்டத் திருத்தம் ஏழு பேர் கப்பலேறினால்தான் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று கட்டிவைத்தது. 1973–74-ல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு போகாமல் இருந்தவர்கள் ஏராளம். கப்பல் நின்றபோது அப்படி இலங்கையில் தங்கிவிட்டவர்கள் சுமார் 84,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. 2003-ஆம் ஆண்டு 35-ஆம் இலக்கச் சட்டம் அப்படிப்பட்டவர்களையும் இலங்கைக் குடிமக்களாக்கியது. தாள் இருந்ததே போக விரும்பியதற்குச் சான்று என்ற வாதத்தை இலங்கை நாடாளுமன்றமே கைவிட்டுவிட்டது. ஆய்வாளர் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்?

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதையே சொல்லிவிட முடியாது. 1977 செப்டம்பரில் கப்பலேறிய ஒருவருக்கு அந்த மாதமே முறை வந்திருக்கலாம்; மத்திய மலைநாட்டில் கலவரம் எட்டாத தோட்டங்களும் இருந்தன. அதனால்தான் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை விட்டு முத்திரைப் பக்கத்தைப் படிக்கவேண்டும் என்கிறேன். கிளம்பிய நாளையும், வேலை பார்த்த தோட்டம் எந்த மாவட்டம் என்பதையும், சேமலாப நிதி கைக்கு வந்ததா என்பதையும் அருகருகே வைத்தால் பெரும்பாலான குடும்பங்களின் விஷயம் தெளிந்துவிடும்.

சட்ட அடிப்படையிலும் ஒரு மறுப்பு உண்டு. வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். சொந்த நாட்டுக்குள் நுழைந்தவர் எப்படி அகதியாவார்? 1951 அகதிகள் உடன்படிக்கையின் வரையறை அவர்களை ஏற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை. ஆனால் நிவாரணத்துக்கு அந்த வரையறை தேவையே இல்லை. 1947-ல் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்தவர்களும் இந்தியக் குடிமக்கள்தான் ஆனார்கள். அவர்களை இடம்பெயர்ந்தோர் என்றே ஏற்று, இழந்த சொத்துக்கு ஈடு கொடுக்க 1954-ல் தனிச் சட்டமே இயற்றியது இதே அரசு. குடிமகனும் வன்முறையால் இடம்பெயர்ந்தவராக இருக்கலாம் என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. மலையகத் தமிழரின் விஷயத்தில்தான் அது மறக்கப்பட்டது. 1977-ல் நடந்தது கலவரம்தான், ஆயுதப் போர் அல்ல என்ற ஆட்சேபத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை. நிவாரணம் கேட்பவரிடம் லயனைக் கொளுத்தியவன் சீருடை போட்டிருந்தானா என்று யாரும் விசாரிப்பதில்லை.

இந்தப் பிரிப்பின் விலை என்ன என்பதை வவுனியாப் பக்கம் போனவர்களோடு ஒப்பிட்டால் தெரியும். 1977-ல் தோட்டத்தை விட்டு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே போனார்கள். காந்தீயம் என்ற தொண்டு இயக்கம் அவர்களை வவுனியாச் சுற்றுப்புறத்தில் குடியமர்த்தியது. போர் முற்றியபோது அவர்களில் பலர் படகில் இராமேசுவரம் வந்து அகதி முகாம்களில் சேர்ந்தார்கள். ஒரே லயனில் பிறந்த அண்ணன் பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தால் தாயகம் திரும்பியவர், தம்பி வவுனியா சுற்றிப் படகில் வந்தால் அகதி. தம்பிக்கு மாதப் பணக்கொடையும் மலிவு அரிசியும் முகாம் வீடும் கிடைத்தன, குடியுரிமை கிடைக்கவில்லை. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களின் இந்திய வம்சாவளியினர் அதைக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், அவர்களின் மனுக்களைப் பரிசீலிக்கவேண்டும் என்ற தீர்ப்பைப் பெறுவதற்கு 2019 ஜூன் ஆயிற்று. அண்ணனுக்குக் குடியுரிமை இருந்தது. நிவாரணம் கடனாக வந்தது. எரிந்த வீட்டிலிருந்து வந்தவருக்குத் திருப்பிக் கட்டவேண்டிய பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை அவர் கட்டாமல் போனதை மறுவாழ்வின் தோல்வி என்று எழுதிவைத்திருக்கிறோம். அவர் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் போனால் மறுபடியும் அதே குடும்ப அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அலையவேண்டியிருக்கிறது.

இந்தப் பிரிப்பின் விலையை டான்டீயிலும் பார்க்கலாம். இந்த மக்களுக்காகவே 1968-ல் அரசுத் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் கழகமான அந்த நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி, 2022-ல் அதன் நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவு செய்தது. ஓய்வுபெற்றவர்கள் லயன் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்ற நெருக்கடியும் கூடவே வந்தது. திட்டத்தை வேலைவாய்ப்பு என்று மட்டும் பார்த்தால், நட்டம் வந்தால் மூடுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் லவ்டேல் மேட்டில் நிற்கும் லாரன்ஸ் பள்ளி 1858-ல் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதை லாபம் தருகிறதா என்று கேட்டு யாரும் எடைபோட்டதில்லை. டான்டீ லயன்களில் இருப்பவர்களில் எத்தனை குடும்பங்கள் 1977-க்குப் பிறகு வந்தவை என்பதை முத்திரைப் பக்கத்தை வைத்துக் கணக்கெடுத்துவிட்டு, அந்த வீடுகளை நிவாரணச் சொத்தாக அவர்கள் பெயருக்கே எழுதிக்கொடுக்கும் கேள்வியை முதலில் எடுக்கவேண்டும். கழகத்தின் லாப நட்டம் அதற்குப் பிறகு பேசவேண்டிய விஷயம். கேத்திப் பள்ளத்தாக்கில் அட்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கெடுப்பு வேண்டும். அவர்களுக்குக் காலி செய்யச் சொல்லும் வீடுகூட அரசு தரவில்லை.