சாணி, சுண்ணாம்பு, பாராளுமன்றம்: ஒரு கவாத்துக் கதை

முருங்கைப் போத்து நடும்போது மேல் வெட்டில் ஒரு உருண்டை சாணியை அப்பி வைப்பாங்க, பார்த்திருப்பீங்க. வெட்டுவாய் காயாமல் இருக்கத்தான் அது. இதே சாணியை வைத்து ஒருத்தர் இங்கிலாந்து அரசாங்கத்திடம் பரிசே வாங்கியிருக்கிறார் என்றால் நம்புவீங்களா? :-)

அவர் பெயர் வில்லியம் ஃபோர்சைத். ஸ்காட்லாந்துக்காரர். 1784ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கென்சிங்டன் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரர் ஆனார். (ஃபோர்சைதியா என்ற மஞ்சள் பூச்செடிக்கு இவர் பெயர்தான்.) அங்கே நிறைய பழமரங்கள் கிழடு தட்டி, உள்ளே புரையோடிக் கிடந்தன. மனுஷன் ஒரு மருந்து தயாரித்தார். பசுஞ்சாணி, பழைய கட்டிடங்களின் சுண்ணாம்புக் காரை, விறகுச் சாம்பல், கொஞ்சம் மணல். குழம்பாக்க சோப்புத் தண்ணியும் மூத்திரமும்! அழுகலைச் செதுக்கி எடுத்துவிட்டு இதைப் பூசினால் பொந்து நிறையப் புது மரம் வளரும் என்றார்.

தோட்டக்காரர் சொன்னதைப் பாராளுமன்றம் ஏன் காது கொடுத்துக் கேட்டது? காரணம் கப்பல். 'விக்டரி' என்ற ஒரே ஒரு போர்க்கப்பலைக் கட்ட சுமார் 6000 மரங்கள் போயின, பெரும்பாலும் ஓக். ஒரு ஓக் மரம் முற்ற நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். காட்டில் அழுகி நிற்கும் ஓக்குகளைக் குணப்படுத்த முடியும் என்றால் அது கடற்படைக்குக் கிடைத்த புதையல் இல்லையா? விசாரணை நடந்தது, பரிசுப் பணம் கொடுத்தார்கள், 1791ல் செய்முறை அச்சில் வந்தது.

எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தாவர ஆராய்ச்சியாளர் 1802ல் இந்தப் பூச்சைக் கேள்வி கேட்டு ஒரு பிரசுரமே போட்டார். ஃபோர்சைத் 1804ல் காலமானார். சண்டை ஓய்ந்தாலும் பழக்கம் ஓயவில்லை. சாணி போய் தார் வந்தது, தார் போய் பெயிண்ட் வந்தது. கூடவே இன்னொரு விதியும் ஊறிப்போனது: கிளையைத் தண்டோடு ஒட்ட மழித்து வெட்டணும், வெட்டுமேல் மருந்து பூசணும். அப்படி வெட்டினால் சுற்றிலும் புதுத்தசை தடிமனாகத் திரளும். பார்க்கிறவங்களுக்கு, 'ஆஹா, ஆறுது' என்று தோணும்.

உள்ளே என்ன நடக்குது என்று அறுத்துப் பார்த்தவர் அமெரிக்கரான அலெக்ஸ் ஷைகோ. 1959ல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தவர். அதுவரை ஆராய்ச்சிக்கு மரத்தைக் குறுக்கேதான் அறுப்பார்கள், வட்ட வட்டமாக. இவர் கையில் மோட்டார் ரம்பம். மேலிருந்து கீழாக நெடுக்குவாட்டில் பிளந்தார். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கான மரங்கள். அங்கே தெரிந்தது வேற கதை.

நமக்குக் காயம் பட்டால் அதே இடத்தில் புதுச் செல்கள் வந்து பழசை மாற்றிவிடும். மரத்துக்கு அந்த வசதி கிடையாது. காயம் உள்ளேயே, ஆயுசு முழுக்க இருக்கும். மரம் செய்வதெல்லாம் தடுப்புச் சுவர் எழுப்புவதுதான். மேலும் கீழும், உள்நோக்கி, பக்கவாட்டில் என்று மூன்று சுவர்கள். காயத்துக்குப் பிறகு வளரும் புது மரத்துக்கும் பழசுக்கும் நடுவில் நாலாவது சுவர், அதுதான் இருப்பதிலேயே பலமானது. எங்க பொட்டி தட்டும் பாஷையில் சொன்னால், பக்கைச் சரி பண்ணுவதில்லை. அந்த மாட்யூலுக்குச் சீல் வைத்துவிட்டு, வெளியே புது கோடு எழுதிக்கொண்டு போய்விடும். இந்த மாதிரியை 1977ல் வெளியிட்டார்.

இப்போ அந்த 'மழித்த வெட்டு'க்கு வருவோம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். அது தண்டுக்குச் சொந்தம், கிளைக்கு இல்லை. கிளை செத்தால் அழுகல் தண்டுக்குள் நுழையாமல் தடுக்கிற ஏற்பாடு அங்கேதான் இருக்கு. ஒட்ட மழிக்கும்போது அந்தக் காவலையே சீவி எறிந்துவிடுகிறோம்! புதுத்தசை தடிமனாகத் திரண்டது குணத்தின் அடையாளம் இல்லை, பெரிய காயத்தின் அடையாளம். பூச்சுகளையும் 13 வருஷம் சோதித்து 1983ல் முடிவை எழுதினார்: எதுவும் அழுகலைத் தடுக்கவில்லை. (ஓக் வாடல் நோய் பரவும் அமெரிக்கப் பகுதிகளில் மட்டும் இன்றைக்கும் ஓக்கின் வெட்டில் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்கள். அது அழுகலுக்கு இல்லை, நோயைச் சுமந்து வரும் வண்டை விரட்ட.)

ஷைகோ 2006ல் மறைந்தார். இந்தக் கதையில் ஃபோர்சைத்தை ஏமாற்றுக்காரர் என்று எழுத எனக்கு மனசு வரலை. வெளியே தெரிந்ததை நம்பினார், அவ்வளவுதான். பாராளுமன்றமும் அதையேதான் நம்பியது. என் கவலை வேற. தப்பாக வெட்டின மரம் மறுநாளே சாகாது. பல வருஷம் பச்சையாக நின்றுவிட்டு, ஒரு காத்து மழையில் விழும். அன்றைக்கு வெட்டினவர் யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இருநூறு வருஷம் ஒரு தப்பு ஓடியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் மக்களே, வீட்டு மாமரத்தில் கிளை கழிக்க ஆள் வந்தால் மூன்று வெட்டாகப் போடச் சொல்லுங்க. தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து பாதி வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. கிளையின் கனம் இறங்கிடும், பட்டை கிழியாது. கடைசியாக மிச்சக் கட்டையை அந்த வளையத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்டணும். சாணியை எருக்குழிக்கு அனுப்பிடலாம் :-)